ஸ்பானிய இலக்கியம் படிக்க எந்த ஊர்: சிங்கப்பூரா, ஸ்காட்லாந்தா, சலமான்காவா, டெல்லியா?

அக்கா மகள் ஏ நிலைத் தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்த அன்று மாலையே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "சித்தி, நான் ஸ்பானிய மொழியும் இலக்கியமும் பட்டப்படிப்பாகப் படிக்கப்போகிறேன். எந்த ஊரில் படிப்பது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றாள். சட்டமா கணக்கியலா என்று அவள் வீட்டில் ஓராண்டாக நடந்த பேச்சு அன்றோடு நின்றது. அக்கா என்னைத்தான் பார்த்தாள். விதை என் அலமாரியிலிருந்து போனது என்று அவளுக்குத் தெரியும். பதினோரு ஆண்டுகளாக ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பெருவின் கயாவோ, கொலம்பியாவின் கார்தஹேனா துறைமுகங்களிலிருந்து வரும் ஸ்பானியச் சரக்கு ஆவணங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. பகலில் சரக்குப் பட்டியல், இரவில் அதே மொழியில் கவிதை. அந்தக் கவிதைப் புத்தகங்களைத்தான் அவள் பன்னிரண்டு வயதிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாகப் பார்த்தோம். நம் வீடுகளில் இந்தக் கேள்விக்குத் தமிழில் பதில் கிடைப்பது அரிது என்பதால் பார்த்ததை எழுதி வைக்கிறேன். பொதுவாக எல்லாரும் கேட்பது எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் அதிகம், எவ்வளவு செலவு என்ற இரண்டைத்தான். நான் மூன்றாவது கேள்வி ஒன்றைக் கேட்கச் சொன்னேன். எந்த ஊரில் படித்தால் இவளுக்கு ஸ்பானியம் ஆங்கிலத்தின் தோளில் ஏறி வராமல் நேராக வந்து சேரும்? இலக்கியம் படிக்கப் போகிறவளுக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் உள்ளூர். சிங்கப்பூரில் ஸ்பானிய இலக்கியத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் வாங்க வழியில்லை. தமிழுக்கு அந்த வழி இருக்கிறது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழியும் இலக்கியமும் ஒரு பட்டப்படிப்பு. ஸ்பானியமோ இங்கே துணைப்பாடம்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அதை அரிச்சுவடியிலிருந்து படிப்படியாகக் கற்றுத் தருகிறார்கள். நன்யாங்கில் மொழியியலும் பன்மொழி ஆய்வும் என்றொரு நல்ல பட்டப்படிப்பு இருக்கிறது. அதில் சேர்ந்து, கூடவே ஸ்பானிய வகுப்புகளையும் எடுத்துக்கொள்ளலாம். இடையில் ஒரு பருவம் மாணவர் பரிமாற்றத்தில் வெளிநாடு போகலாம். குடிமக்களுக்கு அரசு மானியம் போகக் கலைப்பிரிவுக் கட்டணம் ஆண்டுக்கு 8,000 வெள்ளியைச் சற்றே தாண்டும். அம்மா சமையல், பழகிய பஸ், சொந்தக் கட்டில்.

நான் படித்ததும் இந்த வழியில்தான். ஆசிரியர்கள் அருமையானவர்கள். வினைச்சொல் திரிபுகளை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பட்டம் வாங்கிய பிறகு ஒரு சிறுகதைத் தொகுப்பை வாங்கிப் பிரித்தபோது, முதல் பக்கத்திலேயே பென்சிலால் அடிக்கோடிட்ட சொற்கள் 43. விமான நிலையத்துக்கும் ஹோட்டல் அறைக்கும் உணவகத்தில் பில் கேட்பதற்கும் என்னிடம் சொல் இருந்தது. துக்கத்துக்கு இல்லை, கிணற்றுக்கு இல்லை, ஒப்பாரிக்கு இல்லை. அதைச் சரிசெய்யலாம் என்று ஒரு தனியார் மாலை வகுப்பில் பணம் கட்டினேன். ஒரே ஆண்டில் பி2 நிலை, அதாவது ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் நடுநிலைக்கு மேற்பட்ட படி, என்றார்கள். ஆசிரியர் மூன்று முறை மாறினார். ஒவ்வொரு முறையும் அதே பாடநூலின் முதல் பாதிக்கே திரும்பிப் போனோம். இலக்கியத்துக்குள் நான் கால் வைத்தது அதற்கெல்லாம் பிறகு, அகராதியும் நானுமாக, ஆறேழு ஆண்டு உழைத்து. அக்கா மகளுக்கு அந்த ஆறேழு ஆண்டு வேண்டாம் என்பதுதான் என் ஆசை.

ஒரு தகவலை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் 2014 முதல் ஸ்பானியம் மூன்றாம் மொழியாக இருக்கிறது. உயர்நிலை ஒன்றில் அங்கே சேர்ந்து ஓ நிலைவரை வந்த பிள்ளைகளுக்குக் கீழே நான் சொல்லும் கணக்கு அத்தனையும் மாறிவிடும். நான்கு ஆண்டு மூலதனம் அவர்கள் கையில் இருக்கிறது. எங்கள் பெண்ணுக்கு அது இல்லை. அவள் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறவள்.

ஆனாலும் அவளிடம் வேறொரு மூலதனம் இருந்தது. அதை எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது என் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவள் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ஸ்பானியத்தில் 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்றால் நாய். அவள் இரண்டையும் ஒன்றாகவே சொல்ல, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமல், "கரை வேறு, கறை வேறு. சின்ன ர, பெரிய ற. தமிழ் வகுப்பில் இதுகூடச் சொல்லித் தரவில்லையா?" என்றார். 'மரம், மறம், ஏரி, ஏறி' என்று பத்து முறை சொல்ல வைத்தார். பதினோராவது முறை 'பெறோ' சுத்தமாக வந்தது. அம்மாவுக்கு ஸ்பானியத்தில் ஒரு சொல்லும் தெரியாது.

அன்று மாலை நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் ஸ்பானியம், மறுபக்கம் தமிழ் என்று எழுதத் தொடங்கினோம். ஆங்கிலத்துக்கு இடமே வைக்கவில்லை. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய், 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். நான், நீ, நாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. 'மே குஸ்தா' என்றால் எனக்குப் பிடிக்கிறது. ஆங்கிலம் வழியாக வருகிற பிள்ளைகள் இந்த ஒரு வாக்கியத்தில் வாரக்கணக்கில் இடறுகிறார்கள். அவர்கள் மொழியில் 'நான்' என்று தொடங்க வேண்டும். நமக்கு 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் தொடங்குவது இயல்பு. 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். 'எஸ்பாஞா', 'நிஞோ' என்று ஞகரம் தாராளமாக வருகிறது. எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைத்தது 'எஸ்', 'எஸ்தா' என்ற இரண்டு வினைகள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் குழம்புவார்கள். தமிழில் வைத்துப் பாருங்கள். 'அவள் ஆசிரியை' என்கிற இடத்தில் நாம் வினையே போடுவதில்லை, அங்கே 'எஸ்'. 'அவள் வீட்டில் இருக்கிறாள்' என்கிற இடத்தில் 'இரு' வந்தாக வேண்டும், அங்கே 'எஸ்தா'. எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு சரியாக வராது என்றாலும் தொடக்கத்தில் பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல கைப்பிடி கிடையாது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று அஃறிணைக்குப் பால் பிரிப்பதுதான் நமக்குச் சிரமம்.

இந்த நோட்டுப் புத்தகத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்ற மூன்று வழிகளையும் எடைபோட்டேன்.

ஸ்காட்லாந்து. அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறவர்களையும் ஸ்பானியப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்வது பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் பெரிய நல்ல குணம். எடின்பரோ அப்படிச் சேர்க்கிறது, செயின்ட் ஆண்ட்ரூஸும் சேர்க்கிறது. முதல் இரண்டு ஆண்டு மொழியை வேகமாக ஏற்றிவிடுவார்கள், பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் ஸ்பெயினுக்கோ லத்தீன் அமெரிக்காவுக்கோ அனுப்பிவிடுவார்கள். அந்த வெளிநாட்டு ஆண்டு தங்கம். நம் ஏ நிலைத் தேர்வை அவர்கள் கேள்வி கேட்காமல் ஏற்கிறார்கள், விண்ணப்பமும் எளிது. எங்கள் பெண்ணின் தொடக்கக் கல்லூரி ஆலோசகர் உட்பட எல்லாரும் காட்டிய வழி இதுதான்.

எனக்கு இரண்டு மனத்தடைகள். முதலாவது பணம். வெளிநாட்டு மாணவருக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல். வெளிநாட்டு ஆண்டில் கட்டணம் குறையும் என்றே வைத்துக்கொண்டாலும், மற்ற மூன்று ஆண்டுகளுக்கு நம் பணத்தில் 100,000 வெள்ளியைத் தாண்டும். தங்குவதும் சாப்பிடுவதும் தனி. நாலறை வீவக அடுக்குமாடி வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் குடும்பத்துக்கு அது மூத்தவளின் படிப்பாக இராது, இருவரின் படிப்பையும் ஒருத்தியே எடுத்துக்கொள்வதாகிவிடும். இரண்டாவது தடை என்னைப் பொறுத்தவரை இன்னும் பெரியது. அங்கே பாலம் ஆங்கிலம். மொழித்தாள் என்றால் ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்கும் ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்ப்பது. இலக்கியக் கட்டுரையைப் பல துறைகளில் ஆங்கிலத்திலேயே எழுதலாம். ஸ்பானியக் கவிஞர் லோர்காவைப் பற்றி நேர்த்தியான ஆங்கிலக் கட்டுரை எழுதத் தெரிந்த பட்டதாரியாக அவள் திரும்பி வருவாள். அது சிறுமையில்லை, உயர்ந்த பயிற்சிதான். ஆனால் எங்கள் நோட்டுப் புத்தகத்தின் நடுக்கோட்டில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துவிடும்.

சலமான்கா. இந்தப் பெயரைச் சொன்னாலே அவள் முகம் மாறும். 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம். ஸ்பானிய மொழிக்கு முதல் அச்சு இலக்கண நூலை 1492இல் வெளியிட்ட நெப்ரிஹா அங்கே படித்தவர், அங்கே கற்பித்தவர். ஐரோப்பாவின் வாழும் மொழி ஒன்றுக்கு அச்சில் வந்த முதல் இலக்கணங்களில் முன்னோடி அது. பவணந்தியாரின் நன்னூல் அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது என்று நான் சொன்னபோது, "அப்படியானால் இரண்டையும் பக்கத்தில் வைத்து யாராவது படித்திருக்கிறார்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அவளை அங்கே அனுப்பத் தோன்றியது.

ஆனால் ஸ்பெயின் வழியைப் பற்றி நம் மக்களிடம் ஒரு தப்பெண்ணம் ஊறிக் கிடக்கிறது. 'ஸ்பெயினுக்குப் போனால் ஸ்பானியம் சொல்லித் தருவார்கள்' என்று நினைக்கிறார்கள். அந்தப் பட்டப்படிப்பில் மொழி சொல்லித் தருவதில்லை. இங்கே தமிழ் மொழி இலக்கியப் பட்டத்தில் சேர்கிறவருக்கு அ, ஆ சொல்லித் தருவார்களா? அதே கதைதான். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் தாய்மொழியாளர்கள். நான்கு ஆண்டு, 240 பாட அலகுகள். ஒலியியல், மொழி வரலாறு, லத்தீன், இடைக்காலக் காவியம், நாவலாசிரியர் செர்வாந்தெஸின் பொற்காலம், 1898ஆம் ஆண்டுத் தலைமுறை எழுத்தாளர்கள், லத்தீன் அமெரிக்க இலக்கியம் என்று முதல் நாளிலிருந்தே ஆற்றின் நடுவில் இறக்கிவிடுவார்கள். குறைந்தது பி2 நிலை இல்லாமல் போனால் மூழ்கிப்போவாள்.

பி2 இருந்தாலோ, அந்தப் படிப்புக்கு ஈடே கிடையாது. மொழி வரலாறு ஒன்றை மட்டும் சொல்கிறேன். லத்தீனில் சொல் முதலில் இருந்த ஃபகரம் ஸ்பானியத்தில் ஹகரமாகி, பிறகு ஒலியே இல்லாமல் போனது. மாவைக் குறிக்கும் 'ஃபரீனா' இன்று 'அரீனா'. எழுத்தில் மட்டும் அந்த ஹகரம் ஊமையாக நிற்கிறது. நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆனதை அறிந்தவருக்கு இது சொந்த வீட்டுக் கதை. அங்கே போகிற தமிழ்ப் பிள்ளை வெறுங்கையோடு போவதில்லை.

கட்டணம் பிரிட்டனோடு ஒப்பிட்டால் பல மடங்கு குறைவு. வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களுக்குச் சில வட்டாரங்களில் கூடுதல். உண்மையான சிரமம் தாள்வேலை. நம் ஏ நிலைச் சான்றிதழை ஸ்பானிய அரசு தன் பள்ளியிறுதிச் சான்றிதழுக்குச் சமம் என்று அங்கீகரிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆவணங்கள் உண்மையானவை என்று பிற நாடுகள் ஏற்பதற்கான அப்போஸ்தில் முத்திரை வேண்டும். சிங்கப்பூர் அதற்கான பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்து 2021 செப்டம்பர் முதல் அது நடைமுறையில் இருப்பதால் சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் வாங்கிவிடலாம். பிறகு உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஸ்பானியத்தில் பெயர்க்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு 'உனெத்' எனும் தொலைநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் தகுதிக் கணிப்பும், பாடத்தேர்வுகளும் இருக்கின்றன. தேதி தவறினால் ஓராண்டு போய்விடும். முகவர் யாரிடமும் கொடுக்காமல் நாமே செய்ய முடிகிற வேலைதான், பொறுமை வேண்டும் அவ்வளவே. உனெத் இதே பட்டத்தைத் தொலைநிலையிலும் தருகிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் என் வயதினருக்கு அது நல்லது. பதினெட்டு வயதுப் பெண்ணை அறைக்குள் உட்கார்த்தி அதைப் படிக்கச் சொல்ல மாட்டேன்.

டெல்லி. இதை நான் சொன்னபோது அக்காவே, "ஸ்பானியம் படிக்க இந்தியாவுக்கா?" என்று கேட்டாள். நம்மில் பலர் அப்படித்தான் கேட்கிறார்கள், அது எனக்கு வருத்தம் தருகிறது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானியம், போர்த்துகீசியம், இத்தாலியம், லத்தீன் அமெரிக்க ஆய்வுகளுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. இளங்கலை ஸ்பானியம் அங்கே அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத்தின் ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. ஐரோப்பியப் பாடத்திட்டங்கள் பலவற்றில் ஸ்பெயின் நடுவிலும் லத்தீன் அமெரிக்கா ஓரத்திலும் இருக்கும். டெல்லியில் லத்தீன் அமெரிக்காவுக்கு மையத்தின் பெயரிலேயே இடம் இருக்கிறது. காலனி ஆட்சியிலிருந்து வெளிவந்த ஒரு நாட்டிலிருந்து இன்னொரு கண்டத்தைப் படிப்பது வேறு பார்வை. மெக்சிக்கக் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1962 முதல் 1968வரை அந்த நகரத்தில்தான் தூதராக இருந்தார். தம் அரசு மெக்சிகோ நகரில் மாணவர்களைச் சுட்டுக் கொன்றதைக் கண்டித்து டெல்லியிலிருந்தபடியே பதவியைத் துறந்தார். நோபெல் பரிசு வந்தது 1990இல்.

குறை இல்லாமல் இல்லை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் அமெரிக்க டாலரில், உள்ளூர் மாணவரைவிடக் கூடுதல். அப்போதும் பிரிட்டனுக்குப் பக்கத்தில்கூட வராது. விடுதி, குளிர்காலப் புகைமூட்டம், இந்தி தெரியாமல் கடைத்தெருவில் படும் பாடு எல்லாம் உண்டு. மூன்று ஆண்டில் அரிச்சுவடியிலிருந்து இலக்கியம்வரை ஏற வேண்டும் என்பதால் கடைசி ஆண்டில்தான் முழு நாவல் கைக்கு வரும். ஆனால் அந்த வகுப்பறையில் வங்காளியும் மலையாளியும் தமிழரும் தத்தம் தாய்மொழியை வைத்துக்கொண்டு ஸ்பானியத்தை எதிர்கொள்கிறார்கள். எங்கள் நோட்டுப் புத்தகம் அங்கே விசித்திரமாகத் தெரியாது.

மணிலாவையும் ஒரு வரி பார்த்தோம். பிலிப்பீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய மொழிகள் பட்டத்தில் ஸ்பானியத்தை எடுக்கலாம். நம் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு அருகே ஆற்றோரம் நினைவுச் சின்னமாக நிற்கும் பிலிப்பீன்ஸ் தேசிய வீரர் ஹோசே ரிஸால், 1887இலும் 1891இலும் வெளிவந்த தம் இரு நாவல்களையும் ஸ்பானியத்தில்தான் எழுதினார். இன்று அவர் நாட்டில் அவற்றை மூலத்தில் படிப்பவர்கள் மிகச் சிலர். ஆய்வு செய்ய அருமையான களம், முதல் பட்டத்துக்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆங்கிலத்தின் தோளில் ஏறாமல் வர வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை இப்போது சொல்கிறேன். கவிஞர் பாப்லோ நெருதா 1927 முதல் சில ஆண்டுகள் சிலி நாட்டின் துணைத் தூதராக ரங்கூன், கொழும்பு, பத்தேவியா (இன்றைய ஜகார்த்தா), சிங்கப்பூர் என்று நம் கடற்கரைகளில்தான் இருந்தார். அவருடைய மிக இருண்ட, மிக நல்ல கவிதைகளில் பல இங்கே எழுதப்பட்டவை. அவர் இறந்தபின் 1974இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்த நாள்களைப் பற்றி எழுதுகிறார். தினமும் விடியலில் அவர் வீட்டுக் கழிவறை வாளியை எடுத்துச் செல்ல ஒரு பெண் வருவாள். தமிழினம், பரியா சாதி என்று அவளைக் குறிக்கிறார். ஒரு காலை அவள் கையைப் பிடித்து இழுத்துச் சென்று தான் செய்ததையும் எழுதுகிறார். அவள் சிலையைப் போலக் கண்ணைத் திறந்தபடியே இருந்தாள் என்கிறார். அவள் தன்னை வெறுத்தது நியாயமே என்றும் சொல்கிறார். அவள் பெயரைச் சொல்லவில்லை. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கும் யோசனை எழுந்தபோது சிலி நாட்டுப் பெண்கள் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தார்கள்.

இந்தப் பக்கத்தை நான் முதலில் ஆங்கிலத்தில் படித்தேன். பிறகு ஸ்பானியத்தில் படித்தேன். 'பரியா' என்ற சொல் நம் பறையிலிருந்து கிளம்பி, போர்த்துகீசியர் வாய் வழியாக ஐரோப்பா போய், எல்லாராலும் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளை ஏற்றிக்கொண்டு, ஒரு சிலிக் கவிஞரின் பேனாவில் அந்தப் பெண்ணிடமே திரும்பி வந்து விழுகிறது. அதைத் தமிழராக, தமிழிலேயே மனத்துக்குள் படிக்கிற ஒருவருக்குத் தெரிவது வேறு யாருக்கும் தெரியாது. நெருதாவை நான் இன்றும் படிக்கிறேன். அந்தப் பக்கத்தைத் தாண்டாமல் படிக்கிறேன். இதை ஒரு வகுப்பறையில் எழுந்து நின்று, ஸ்பானியத்தில், தன் சொந்தக் குரலில் சொல்லக்கூடிய பெண் ஒருத்தி நமக்கு வேண்டும். லத்தீன் அமெரிக்கக் கதைகளும் நாவல்களும் தமிழுக்கு வந்து பல ஆண்டுகளாகிறது. சிற்றிதழ்கள் அவற்றைக் கொண்டாடியது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வந்தன. நேரடியாகப் பெயர்க்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள்.

வேலையைப் பற்றிக் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூர் 2022 ஜனவரியில் சிலி, கொலம்பியா, மெக்சிகோ, பெரு ஆகிய நான்கும் சேர்ந்த பசிபிக் கூட்டணியோடு தடையற்ற வர்த்தக உடன்பாட்டில் கையெழுத்திட்டது. 2023 டிசம்பரில் தென்னமெரிக்க வர்த்தகக் கூட்டமைப்பான மெர்கோசூர் நாடுகளோடும் கையெழுத்திட்டது. சிங்கப்பூர்த் துறைமுக நிறுவனமான பிஎஸ்ஏ பனாமாவில் சரக்கு முனையம் நடத்துகிறது. என் மேசைக்கு வரும் ஆவணங்கள் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டுதான் போகின்றன. சோற்றுக்குக் குறை வராது. எந்த ஊரில் படித்தாலும் ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் வழங்கும் டெலே என்ற மொழித்திறன் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் காலாவதி கிடையாது.

பையன்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு சொல். தேசிய சேவையின் இரண்டு ஆண்டுகளை மொழிப் படிப்புக்குத் தடையென்று நினைக்க வேண்டாம். அரிச்சுவடியிலிருந்து பி2 வரை போக ஏறத்தாழ 500 முதல் 600 மணி நேரப் படிப்பு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வாரம் ஆறு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு ஆண்டில் முடிகிற வேலை. சேவையை முடிக்கும்போது நேராகச் சலமான்காவின் வாசலில் நிற்கலாம். பெண்பிள்ளைகளுக்குத்தான் டிசம்பரில் தேர்வு முடிந்து செப்டம்பரில் வகுப்பு தொடங்குவதற்குள் ஒன்பது மாதமே இருக்கிறது. அதற்குள் பி2 வருவது கடினம்.

நான் டெல்லி என்றேன். அரிச்சுவடிக்காரிக்கு, எங்கள் பண வசதிக்கு, அந்த நோட்டுப் புத்தகத்துக்கு அதுதான் பொருந்துகிறது, முதுகலைக்குச் சலமான்கா போகலாம் என்றேன். அக்கா நன்யாங் என்றாள், மகள் வீட்டில் இருப்பாள் என்பதற்காக. மகள் எங்கள் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் சொன்னாள். இன்னும் ஓராண்டு எடுத்துக்கொள்கிறாள். காலையில் பகுதிநேர வேலை, மாலையில் வகுப்பு, வார இறுதியில் என்னோடு வாசிப்பு. அடுத்த ஆண்டு மே மாதம் டெலே பி2 எழுதித் தேறினால் சலமான்கா, தேறாவிட்டால் டெல்லி. எனக்கு அந்த ஓராண்டு பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாரம் பன்னிரண்டு மணி நேரம் என்று அவள் போட்டுக் காட்டிய கணக்கில் பிழையில்லை.

போன வாரம் வந்தபோது நோட்டுப் புத்தகம் இரண்டாவதாகியிருந்தது. அம்மா சோபாவில் உட்கார்ந்து, "எனக்கு முழங்கால் வலிக்கிறது, தைலத்தை எடு" என்றார். அவள் தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அம்மா சொன்ன வாக்கியத்தை வலப்பக்கத்தில் எழுதினாள். இடப்பக்கத்தில் 'மே துவெலே லா ரோதியா' என்று எழுதினாள். எனக்கு, வலிக்கிறது, முழங்கால். வரிசை சற்று மாறினாலும் சொற்கள் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி உட்கார்ந்தன. "பாட்டி, ரோதியாவில் முதல் எழுத்து பெரிய ற, சொல்லுங்கள்" என்று கேட்டாள். அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். திங்கட்கிழமை அவள் ஏ நிலைச் சான்றிதழுக்கு அப்போஸ்தில் முத்திரை வாங்கப் போகிறாள். நான் அரை நாள் விடுப்பு போட்டிருக்கிறேன்.